கிரிகரி துரையின் சுவடுகள்

அரபு மொழியில் 'அதர்' என்றொரு சொல் உண்டு. மணலில் நடந்து போனவனுடைய காலடித் தடம் என்பது அதன் முதற்பொருள். ஒருவன் மறைந்த பின்னும் நிற்கும் அவன் செயலுக்கும், முன்னோர் எழுப்பிய கட்டடங்களுக்கும், பழம்பொருள்களுக்கும் பிற்காலத்தில் அதுவே பெயராயிற்று. நம் பழந்தமிழிலும் 'அதர்' உண்டு. அது வழியைக் குறிக்கும். இரண்டும் ஓசையால் ஒத்தவையேயன்றி உறவுடைய சொற்கள் அல்ல. ஆயினும் வழியும் வழியில் பதிந்த தடமும் நாம் கற்ற இரு மொழிகளில் ஒரே ஒலி பெற்றிருப்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகும்.

மனிதர் எவரும் ஒரே தடத்தை மட்டும் விட்டுச் செல்வதில்லை. ஓரூரில் ஏழையின் குடிசை சரியக் காரணமாக இருந்தவர், வேறோர் ஊரில் எளியவர் ஒருவரின் வேண்டுகோளுக்குத் தலைசாய்த்திருக்கக் கூடும். முதலூரார் அவரைச் சபிப்பர். இரண்டாம் ஊரார் வாழ்த்துவர். இருவரும் உண்மையே பேசுவர். அத்தகைய ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் பற்றி இங்கு எழுத விழைகிறோம். அவர் பெயர் சர் வில்லியம் ஹென்றி கிரிகரி. அயர்லாந்தின் அரசியல்வாதி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர்.

அயர்லாந்து என்றதும் நம் பக்கத்து வாசகர்க்கு முதலில் நினைவில் எழுபவர் கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அப்பெருமகனார் 1814இல் அந்நாட்டின் வடபகுதியில் பிறந்து, நம் நாகர்கோவிலிலிருந்து தொலைவில் இல்லாத இடையன்குடியில் வாழ்ந்தவர். அவருக்கு இரண்டாண்டு இளையவர் கிரிகரி. கால்டுவெல் தமிழரிடையே வந்து தமிழைக் கற்றார். கிரிகரியின் குடும்பமோ, அவர் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே இந்தியாவால் வளம் பெற்றிருந்தது.

அவருடைய கொள்ளுப்பாட்டனார் இராபர்ட் கிரிகரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் வங்காளத்திற்கு வந்து பெரும்பொருள் ஈட்டியவர். அப்பொருளைக் கொண்டு அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில் 1768இல் 'கூல்' என்னும் பண்ணையை விலைக்கு வாங்கி மாளிகை எழுப்பினார். பின்னர் அக்கம்பெனியின் தலைவராகவும் விளங்கினார். பாட்டனார் வில்லியம், டப்ளின் கோட்டையில் அமைந்த ஆட்சியின் துணைச் செயலாளராக 1812 முதல் 1831 வரை வீற்றிருந்து, அயர்லாந்தின் அன்றாட ஆட்சியையே தம் கையில் வைத்திருந்தார். அவருடைய அரசு இல்லத்திலேதான் 1816 ஜூலையில் நம் கட்டுரைத் தலைவர் பிறந்தார். வங்காளத்துச் செல்வம், டப்ளின் அதிகாரம், கால்வே நிலம் என்ற மூன்றும் சேர்ந்த தொட்டிலில் வளர்ந்த பிள்ளை அவர்.

அவருடைய பட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஆங்கிலேயரின் பட்டங்களில் 'பாரனெட்' என்பது தந்தைக்குப் பின் மூத்த மகனுக்குச் செல்வது. கிரிகரி பெற்ற 'சர்' பட்டமோ அவ்வாறு வழிவழி வருவதன்று, பெற்றவரோடு முடிவது. அவருடைய மகனுக்கு அது கிடைக்கவில்லை. பட்டம் இறங்காத இடத்திலும் செயலின் பயன் இறங்கும் என்பதை இக்குடும்பத்தின் கதை நமக்குக் காட்டுகிறது.

ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற கிரிகரி, 1842இல் டப்ளின் நகரத்தின் உறுப்பினராக இலண்டன் நாடாளுமன்றத்தில் நுழைந்தார். அப்போது வயது 26கூட நிரம்பவில்லை. நாவன்மையும் நல்ல தோற்றமும் உடையவர். பெரிய பதவிகள் அவரை எதிர்நோக்கியிருப்பதாகப் பலரும் எண்ணினர். அவ்வேளையில்தான் அயர்லாந்தைப் பஞ்சம் பற்றிக்கொண்டது.

அந்நாட்டின் ஏழைகளுக்கு உருளைக்கிழங்கே உணவு. நமக்கு நெல்லைப் போலவும், நம் மலையோர மக்களுக்கு மரச்சீனிக் கிழங்கைப் போலவும் அது அவர்களுக்கு உயிராதாரம். 1845இல் அப்பயிரை ஒரு நோய் தாக்கிற்று. அடுத்த ஆண்டு விளைச்சல் அறவே அழிந்தது. அந்நோயும் அதனைத் தொடர்ந்த பட்டினியும் காய்ச்சலும் ஏறத்தாழ 10 லட்சம் பேரைக் கொன்றன. அதனினும் மிகுதியானோர் கப்பலேறி நாட்டைத் துறந்தனர். 1841இல் 81 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1851இல் 65 லட்சத்து 50 ஆயிரமாகச் சுருங்கிற்று. அதே காலத்தில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன.

1847 மார்ச்சில் ஏழையர் நிவாரணச் சட்டத்தின் திருத்தம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, கிரிகரி எழுந்து ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் எவனும், அந்நிலத்தை விட்டுக்கொடுத்தாலன்றி அரசின் உதவியைப் பெறலாகாது என்பதே அவ்விதி. 117 பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். எதிர்த்தோர் 7 பேர் மட்டுமே. சட்டத்தில் ஏறிய அவ்விதிக்குக் 'கிரிகரி விதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கால் ஏக்கர் என்றால் நம் நாஞ்சில் நாட்டுக் கணக்கில் 25 சென்ட். இதை நம் ஊர்க் கண்ணால் பார்ப்போம். 40 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் ஒரு குடியானவன் இருக்கிறான். விளைச்சல் இல்லை. வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் மூன்று நாட்களாகப் பட்டினி. ஊர்ச் சாவடியில் அரசு கஞ்சி ஊற்றுகிறது. அவன் சென்று பாத்திரத்தை நீட்டுகிறான். "உன் 40 சென்டை எழுதிக் கொடு, பிறகு கஞ்சி வாங்கு" என்கிறார் அதிகாரி. எழுதிக் கொடுத்தால் இன்றைக்குக் கஞ்சி உண்டு. அடுத்த பருவத்திற்கு விதைக்க இடமில்லை. கொடாவிட்டால் அடுத்த பருவம் வரை உயிரில்லை. இத்தகைய தெரிவைத்தான் அவ்விதி அயர்லாந்துக் குடியானவன் முன் வைத்தது. நிலத்தைக் கொடுத்தவர்களின் குடிசைகளைப் பண்ணையார்களின் ஆட்கள் கூரை பிரித்துத் தரைமட்டமாக்கினர். நிலத்தைவிட மனமில்லாதோர் அந்நிலத்திலேயே மாண்டனர்.

அதே 1847இல் கிரிகரியின் தந்தையார் இறந்தார். பஞ்சத்தில் வாடிய தம் குடிகளைச் சென்று கண்டு உதவியதில் அவரையும் அக்காய்ச்சல் பற்றிக்கொண்டது. தந்தை ஏழைகளிடையே நின்று உயிர்விட்ட வசந்த காலத்திலேதான் மகனின் விதி சட்டமாகிக் கொண்டிருந்தது. தம் சொந்தக் குடிகளிடம் கிரிகரி கொடுமையாக நடந்தவரல்லர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. நாட்டைவிட்டுச் செல்ல விரும்பும் ஏழைகளுக்குப் பண்ணையார்கள் உதவ வேண்டும் என்ற யோசனையையும் அவரே முன்வைத்தார். ஆனால் சொந்தப் பண்ணையில் காட்டிய இரக்கம் ஒரு பண்ணையோடு நின்றது. சபையில் எழுதிய வரி நாடெங்கும் நடந்தது. தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அவர் அவ்விதியின் கடுமையை ஒப்புக்கொண்டாரேயன்றி, அது தவறென்று கூறவில்லை. தேவையானதே என்று வாதிட்டார்.

அதன்பின் அவர் வாழ்வில் இறக்கம் தொடங்கிற்று. 1847 தேர்தலில் டப்ளின் இடத்தை இழந்தார். குதிரைப் பந்தயத்தில் மிதமிஞ்சிய பற்று அவரைப் பிடித்தது. கடன் பெருகிற்று. 1850களில் பண்ணையின் மூன்றில் இரண்டு பங்கை விற்க நேர்ந்தது. கஞ்சிக்காக 40 சென்டை இழந்த குடியானவனையும், பந்தயத்திற்காகப் பல்லாயிரம் ஏக்கரை இழந்த பண்ணையாரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது நாம் சொல்வதற்கு ஏதுமில்லை, வாசகர்களே சிந்தித்துக்கொள்ளலாம்.

1857இல் கால்வே மாவட்டத்தின் உறுப்பினராக மீண்டும் நாடாளுமன்றம் புகுந்து 15 ஆண்டுகள் பணியாற்றினார். ஓவியங்களிலும் பழம்பொருள்களிலும் ஆழ்ந்த அறிவு பெற்றார். 1872இல் எலிசபெத் பௌடாயின் என்ற கைம்பெண்ணை மணந்துகொண்டு, அதே ஆண்டு ஆளுநராகக் கொழும்பில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டிலேயே அவ்வம்மையார் இலங்கையில் காலமானார்.

அக்காலம் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழ்நாட்டு ஏழைகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோதும் பல்லாயிரவர் கடல் கடந்து அங்குச் சென்றனர். அவர்களின் வியர்வையால் நிரம்பிய கருவூலத்தைக் கொண்டே கிரிகரி தம் பணிகளைச் செய்தார். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அவர் காலத்தில் எழத் தொடங்கிற்று. 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தனியாக அமைத்து, அனுராதபுரத்தைச் சூழ்ந்த வறண்ட பகுதியில் பாழடைந்து கிடந்த பழங்குளங்களைச் செப்பனிட வழிசெய்தார். குளத்தின் அருமையை நாஞ்சில் நாட்டாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மடை திறந்தால் ஊர் உண்ணும். கரை உடைந்தால் ஊர் அழியும். ஒரு நாட்டில் ஏழையின் நிலத்தைப் பறிக்க விதி எழுதிய கை, மற்றொரு நாட்டில் ஏழையின் வயலுக்கு நீர் கொணர ஆணை எழுதிற்று.

பண்டைக் கல்வெட்டுகளைப் படியெடுக்கப் பால் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மானிய அறிஞரை அமர்த்தியவரும் அவரே. அந்நாட்டின் கலைச்செல்வங்களைக் காக்க ஓர் அருங்காட்சியகம் வேண்டுமென்று சட்டசபையில் வற்புறுத்தினார். ஸ்மிதர் என்ற அரசுக் கட்டடக் கலைஞர் வரைபடம் தீட்டினார். கட்டி முடிக்கும் பொறுப்பை ஏற்றவர் கொழும்பைச் சேர்ந்த அரசி மரைக்காயர் வாப்பிச்சி மரைக்காயர் என்னும் முஸ்லிம் பெரியார். 1877 ஜனவரி முதல் நாள் அம்மாளிகை திறக்கப்பட்டது. வெள்ளை வெளேரென்று அகன்று நிற்கும் அக்கட்டடத்தின் முன்னே கிரிகரியின் சிலையை இன்றும் காணலாம்.

திறப்பு விழாவைப் பற்றி இலங்கை முஸ்லிம்களிடையே வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்பட்டு வருகிறது. பணியின் சிறப்பைக் கண்டு மகிழ்ந்த ஆளுநர், "உமக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும்?" என்று மரைக்காயரைக் கேட்டாராம். பட்டமோ பொற்பதக்கமோ நிலமோ கேட்பார் என்று கூடியிருந்தோர் எதிர்பார்த்தனர். மரைக்காயரோ, இம்மாளிகை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாராம். ஆளுநர் இசைந்தார். நெடுங்காலம் அவ்வழக்கம் தவறாது நிலைத்தது.

இச்செய்தியை நாம் முதன்முதலாகக் கேட்டது நம் பாட்டனாரிடமிருந்து. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தவர் அவர். முதுமையில் ஊருக்குத் திரும்பித் திண்ணையில் அமர்ந்தபின், கொழும்பின் கதைகளே அவர் செல்வம். "மதரஸாவுக்கு மட்டுமல்ல மக்களே, அங்கே ஒரு மாளிகைக்கும் வெள்ளிக்கிழமை லீவு உண்டு" என்பார். சிறுவர்களாகிய நமக்கு அது வியப்பாக இருக்கும். பொன் கேட்கலாம், பூமி கேட்கலாம். ஒரு கிழமையைக் கூடவா ஒருவர் பரிசாகக் கேட்பார்?

வளர்ந்த பின்னரே அவ்வேண்டுகோளின் ஆழம் நமக்குப் புலப்பட்டது. மரைக்காயர் தமக்கென எதையும் கேட்கவில்லை. பொன் கேட்டிருந்தால் அவர் பேரன்மார் காலத்தில் கரைந்திருக்கும். நிலம் கேட்டிருந்தால் பங்கு பிரிந்திருக்கும். அவர் கேட்டதோ அனைவருக்கும் பொதுவான ஒரு பொழுது. அம்மாளிகையில் வேலை செய்யும் முஸ்லிம் தொழிலாளி ஜும்ஆவுக்குச் செல்லலாம், மூடிய கதவைக் காணும் பிற சமயத்தவர் "இன்று என்ன நாள்?" என்று வினவித் தெரிந்துகொள்ளலாம். ஒரு சமுதாயம் அரசிடம் மன்றாடாமல், தன் உழைப்பின் மதிப்பை முன்வைத்துத் தன் வணக்க நாளுக்கு மரியாதை பெற்ற நிகழ்ச்சி அது. அம்மரியாதையை வழங்கியவரும் பாராட்டுக்குரியவரே. அன்னியச் சமயத்தவரான ஓர் ஆளுநர் அதைச் சிரித்துத் தட்டிக்கழித்திருந்தால் கேட்பார் யார்?

1877இல் கிரிகரி பதவி விட்டு நாடு திரும்பினார். 1880 மார்ச்சில் தம் 63ஆம் வயதில் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் அகஸ்டா பெர்ஸ், கால்வே மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணையார் குடும்பத்துப் பெண். 28 வயதை எட்டிக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டு அவர்களுக்கு இராபர்ட் என்ற மகன் பிறந்தான். 1881ஆம் ஆண்டின் இறுதியில் தம்பதியர் குளிர்காலத்தைக் கழிக்கக் கெய்ரோவுக்குச் சென்றனர். அங்கே இக்குடும்பத்தின் கதை மீண்டும் நம் சமுதாயத்தின் கதையோடு பின்னிக்கொள்கிறது.

எகிப்தில் அப்போது அஹ்மத் உராபி என்ற படைத்தலைவர் மக்களின் நாயகராக எழுந்திருந்தார். சிற்றூர்க் குடியில் பிறந்து அல்அஸ்ஹரில் ஓதியவர். அன்னியரின் கடன் பிடியிலிருந்தும் தன்னிச்சையான ஆட்சியிலிருந்தும் தம் நாட்டை விடுவிக்க முனைந்தவர். கிரிகரி அவரைச் சந்தித்தார். அவர் கோரிக்கையில் நியாயம் கண்டார். இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு எகிப்தியர் சார்பாகக் கடிதங்கள் எழுதினார். அகஸ்டா அம்மையாரோ, அரபு மொழி அறிந்த ஆன் பிளன்ட் சீமாட்டியாருடன் உராபியின் வீட்டுக்கே சென்று அவருடைய முதிய தாயாரோடும் மனைவியோடும் அளவளாவினார்.

நிலைமை முற்றியபோது கிரிகரி சற்றே பின்வாங்கினார். 1882 ஜூலையில் ஆங்கிலேயக் கப்பற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கிற்று. செப்டம்பரில் தல்லுல் கபீர் போரில் உராபி தோற்றுச் சிறைப்பட்டார். அவர் தூக்கிலிடப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்த அக்டோபர் மாதத்தில், 'அராபியும் அவர் இல்லமும்' என்ற தலைப்பில் அகஸ்டா அம்மையாரின் கட்டுரை 'டைம்ஸ்' இதழில் வெளிவந்தது. கொடிய கலகக்காரர் என்று ஆங்கில மக்கள் எண்ணியிருந்தவர், தாய்க்கு மகனாகவும் பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் எளிய வீட்டில் வாழும் ஒரு மனிதர் என்பதை அக்கட்டுரை காட்டிற்று. பிளன்ட் என்ற ஆங்கிலேய நண்பர் தம் செலவில் வழக்கறிஞரை அமர்த்தினார். மரண தண்டனை நாடுகடத்தலாக மாறிற்று. நாடுகடத்தப்பட்ட இடம் கிரிகரி ஆண்ட இலங்கையே.

1883 ஜனவரியில் உராபியும் தோழர்களும் கொழும்பில் இறங்கினர். அவர்களுள் ஒருவர் மஹ்மூத் சாமீ அல்பாரூதி. வாளுக்கும் எழுதுகோலுக்கும் உரியவர் என்று அரபுலகம் போற்றும் பெருங்கவிஞர். தளர்ந்து கிடந்த அரபுக் கவிதைக்குப் பழைய மிடுக்கை மீட்டுத் தந்தவர். துணைவியார் எகிப்தில் இறந்த செய்தி கடல் கடந்து வந்தபோது அவர் பாடிய இரங்கற்பா, அரபு இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்தது. சரந்தீபின் தென்னஞ்சோலையில் அமர்ந்து நீல நதியை நினைத்துப் பாடிய அவர், கண்ணொளி மங்கி 1899இல் நாடு திரும்பினார். உராபி 1901இல் திரும்பினார். அதற்கிடையில் 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு கல்விக்கூடம் முளைத்தது. அறிஞர் சித்தி லெப்பை முயன்றார், உராபி ஊக்கமளித்தார், பொறுப்பேற்றுத் துணை நின்றவர் அதே வாப்பிச்சி மரைக்காயர். அதுவே இன்று ஸாஹிராக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது. அதே 1892 மார்ச்சில் கிரிகரி இலண்டனில் காலமானார்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வரலாற்றை நம் மாலை வகுப்பில் கூறினோம். வெள்ளிக்கிழமைச் செய்தியைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் மலர்ந்தனர். பின்னர் 25 சென்ட் விதியைச் சொன்னோம். வகுப்பு அமைதியாயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "உஸ்தாத், அப்ப அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டாள்.

நாம் அவளுக்கு ஹதீஸ் கலையிலிருந்து விடை கூறினோம். அறிவிப்பாளர்களை எடைபோடுவதற்கென்றே நம் முன்னோர் ஒரு கலையை வளர்த்தனர். ஜர்ஹு வ தஃதீல் என்பர்; குறை கூறலும் நிறை கூறலும் என்று தமிழில் சொல்லலாம். எகிப்தில் இப்னு லஹீஆ என்றொரு பெரியவர் இருந்தார். மார்க்கப் பற்று மிக்கவர், நீதிபதியாகவும் இருந்தவர். அவருடைய ஏடுகள் எரிந்து போனபின் நினைவு தடுமாறிற்று என்றனர் அறிஞர்கள். அதற்காக அவர் பக்தியை அவர்கள் மறுக்கவில்லை. அவர் பக்திக்காக அவர் தடுமாற்றத்தை மறைக்கவும் இல்லை. எந்தக் காலத்தில், யாரிடம் அறிவித்தது ஏற்கத்தக்கது என்று பிரித்து எழுதி வைத்தனர். குறையை நிறையில் கரைக்காமலும், நிறையைக் குறையில் மூழ்கடிக்காமலும் இரண்டையும் தனித்தனியே பதிந்த அந்த நேர்மையே நமக்கு வழிகாட்டி. ஆகவே கிரிகரி கால்வேயில் எழுதியதைக் கால்வேக்காரனின் கண்ணால் படிக்க வேண்டும். கொழும்பில் செய்ததைக் கொழும்புக்காரனின் கண்ணால் காண வேண்டும்.

சிறுமி விடவில்லை. "நமக்கு நல்லது செஞ்சாருல்ல, நாம நல்லவர்னுதானே சொல்லணும்?" என்றாள். அக்கேள்வியில்தான் இப்பொருளின் உயிர் இருக்கிறது. நமக்கு நன்மை செய்தவரின் தீமையை நாம் காணாதிருந்தால், நமக்குத் தீமை செய்தவரின் நன்மையையும் காணாதிருக்கப் பழகிவிடுவோம். பிறகு நம் கையில் இருப்பது தராசாகாது. நன்றியும் நீதியும் இரண்டு கடமைகள். மரைக்காயருக்குக் கிடைத்த வெள்ளிக்கிழமைக்காக நன்றி சொல்வோம். ஆனால் பட்டினியால் இறந்த அயர்லாந்துக் குடியானவனிடம், "எங்கள் வெள்ளிக்கிழமைக்காக உன் நிலத்தை மறந்துவிடு" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவன் நம் உறவினன் அல்லன். நம் மார்க்கத்தவனும் அல்லன். ஆயினும் நம் சாட்சியம் அவனுக்கும் உரியது. இதைக் கேட்டபின் அச்சிறுமி தன் ஏட்டில் இரு பத்திகளாகக் கோடிட்டு எழுதத் தொடங்கினாள்.

இனி அக்குடும்பத்தின் முடிவைச் சொல்லி அமைவோம். கணவர் மறைந்தபின் அகஸ்டா அம்மையார் அவருடைய தன்வரலாற்றைப் பதிப்பித்து 1894இல் வெளியிட்டார். பின்னர் ஐரிஷ் மொழியைக் கற்று, குடியானவர்களின் குடிசைகளில் அமர்ந்து அவர்கள் வாய்க்கதைகளைத் திரட்டினார். எந்த மக்களின் நிலத்தைக் கணவரின் விதி பறித்ததோ, அந்த மக்களின் மொழிக்கும் கதைக்கும் மனைவி காவலரானார். 1904இல் டப்ளினில் அபே நாடக அரங்கு தோன்றக் கவிஞர் யேட்ஸுடன் சேர்ந்து உழைத்தார். கூல் மாளிகை எழுத்தாளர்களின் இல்லமாயிற்று. அன்னியராட்சியை எதிர்த்து நிற்கும் ஒரு மக்களை அவர் முதன்முதல் நெருங்கிக் கண்டது கெய்ரோவில், உராபியின் முற்றத்தில் என்பதை நாம் நினைவில் கொள்வது நன்று.

ஒரே மகன் இராபர்ட் ஓவியரானார். முதல் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து, 1918 ஜனவரியில் இத்தாலியில் விமானம் வீழ்ந்து உயிர் துறந்தார். 1927இல் பண்ணை அரசுக்கு விற்கப்பட்டது. தம் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்த அம்மையார் 1932இல் காலமானார். 1941இல் கூல் மாளிகையை இடித்துவிட்டனர். வங்காளத்துப் பணத்தில் எழுந்த வீட்டின் அடித்தளமும், விருந்தினராக வந்த எழுத்தாளர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய ஒரு மரமும் அங்கு மிஞ்சின.

கொழும்பில் மரைக்காயரின் வழி தழைத்தது. அவருடைய பேரர் சர் ராசிக் பரீத் அவர்கள் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் முஸ்லிம்களின் குரலாக ஒலித்தார். பெண்கல்விக்காகக் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழ அரும்பாடுபட்டு, 1984இல் மறைந்தார். பாட்டனார் ஆண்மக்களின் கல்விக்குத் துணை நின்றார்; பேரர் பெண்மக்களின் கல்விக்கு வழி திறந்தார். ஆளுநரின் மாளிகை இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது; கட்டடக்காரர் துணை நின்ற கல்விக்கூடத்தில் பிள்ளைகள் இன்றும் ஓதிக்கொண்டிருக்கின்றனர்.

கொழும்புக்குச் செல்லும் நம் வாசக அன்பர்கள் அந்த அருங்காட்சியகத்தின் முன் நிற்கும் சிலையைக் கண்டால், கண நேரம் நின்று பாருங்கள். உங்களுடன் வரும் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைச் செய்தியைச் சொல்லுங்கள். அதனோடு 25 சென்ட் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.